நிழலனுக்கு நாற்பத்தொரு கட்டம்

ஒரே புத்தகத்தில் இரண்டு வீரர்களைப் போடக்கூடாது. இது என் கருத்து. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் உண்டான கருத்து. இன்று முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் மாறவில்லை.

என்னோடு அந்தக் காலத்தில் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய படக்கதைப் புத்தகங்களை அண்ணாந்து பார்த்து நின்றவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என் பிள்ளைகளுக்கு என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். அவர்களிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்களைப் பார்த்துச் சொல்கிறேன், அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்போது இரண்டு வீரர்கள் இருந்தார்கள். ஒருவன் நிழலன். வெளிச்சம் விழுகிற இடத்தில் நிழலாக மாறி, கதவுக்கு அடியில் நுழைந்து, சுவரில் ஊர்ந்து, திருடன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடிப்பான். முகமூடி கறுப்பு, கண் இரண்டு வெள்ளைக் கோடு. அதிகம் பேசமாட்டான். இன்னொருவன் சுடரோன். உடம்பே விளக்குபோல எரியும். பறப்பான், சிரிப்பான், கட்டத்துக்குக் கட்டம் வசனம் பேசுவான். தனித்தனிப் புத்தகமாக வந்துகொண்டிருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. நான் நிழலன் கட்சி. சுடரோன் புத்தகத்தை ஓசியில் கிடைத்தால் படிப்பேன், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் இருவரையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று பாகத்துக்கு ஒரு தொடர் போட்டார்கள். பெயர் ‘இருவர் படை’. மாதம் ஒரு பாகம். உலகத்தை உறைய வைக்கப் பார்க்கும் ஒரு பனிக்கண் பேராசிரியரை இருவரும் சேர்ந்து ஒழிக்க வேண்டும். முதல் பாகத்தின் அட்டையைப் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. சுடரோன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நிழலன் அவன் தோளுக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தான்.

வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்து எண்ணினேன். சுடரோன் வருகிற கட்டம் அறுபத்து மூன்று. நிழலன் வருகிற கட்டம் நாற்பத்தொன்று. அதிலும் ஏழு கட்டத்தில் வெறும் கைதான்.

அதே வாரத்தில்தான் பாவா எங்கள் வீட்டுக்கு வந்தான்.

பாவா என்றால் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட ஒரு வயது பெரியவன். எங்கள் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போனால் எல்லை தாண்டி ஒரு மணி நேரத்தில் அவன் ஊர். அம்மா பிறந்த ஊரும் அதுதான். அதனால் எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் ஒரே தட்டில் கிடக்கும். நான் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பாவாவும் தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது.

“லீவுக்கு வந்திருக்கான். சண்டை போடாம இருக்கணும்” என்றாள் அம்மா. ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை. லீவுக்கு வருகிறவனுக்குப் போர்வை எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

நைனா வேலூரில் ஒரு லாரி செட்டில் கணக்குப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஆகையால் மற்ற ஆறு நாளும் அம்மா எனக்கு மட்டும்தான் என்பது அதுவரை இருந்த ஏற்பாடு. பாவா வந்த அன்றைக்கே அது போயிற்று. அவனைக் கூப்பிடும்போது, “ரா நானா, அன்னம் தினு.” வா கண்ணா, சோறு சாப்பிடு என்று அர்த்தம். என்னைக் கூப்பிடும்போது, “டேய், தட்டை எடுத்துகினு வா.” அவனோடு தெலுங்கில் பேசும்போது அம்மா சிரிக்கிற சிரிப்பு வேறு. அது அவளுடைய சின்ன வயசுச் சிரிப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு என்னிடம் பேசும்போது ஒருநாளும் வந்ததில்லை.

முருங்கைக்காய்க் குழம்பில் சதைப்பற்றுள்ள துண்டு அவனுக்கு. ஜன்னலோரப் படுக்கை அவனுக்கு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அவன் தலையை அம்மா ரொம்ப நேரம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொல்லைப்புறக் கல்லில் எண்ணெய் வழிய உட்கார்ந்து, என் தலைக்கு எவ்வளவு நேரம், அவன் தலைக்கு எவ்வளவு நேரம் என்று மனசுக்குள் எண்ணினேன். புத்தகத்தில் கட்டம் எண்ணியவனுக்கு இது பெரிய வேலையா?

இத்தனைக்கும் அவன் சுடரோன் கட்சி!

“நிழல்னா இன்னாடா? வெளிச்சம் இருந்தாத்தானே நிழல்?” என்றான் முதல் நாளே. “சுடரோன் வெளக்கை அணைச்சிட்டா உன் ஆளு எங்க போவான்?”

“சுடரோன் பொறக்கறதுக்கு முன்னாடி சூரியன் இல்லையா? தெருவெளக்கு இல்லையா? இவன் ஒருத்தன்தான் ஊருக்கே வெளிச்சம் குடுக்குறானா?”

“கோவப்படாதே. கேட்டேன்.”

அவன் அப்படித்தான். கோபமே வராது. சண்டைக்கு இழுத்தாலும் வராதவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் புத்தகத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். முதல் பாகத்தை ஒழுங்காகத்தான் படித்தேன். படம் பார்த்துக்கொண்டே அவன் தலையாட்டுவான். சுடரோன் பேசுகிற இடத்தில் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வான். பனிக்கண் பேராசிரியரின் மீசையில் பனிக்கட்டி தொங்குவதைப் பார்த்து, “இவனுக்கு ஜலுப்பு” என்றான். ஜலதோஷத்துக்குத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுச் சிரித்தாள். போன மாதமெல்லாம் நான் எத்தனை ஜோக் சொல்லியிருப்பேன்!

இரண்டாம் பாகம் மே மாத நடுவில் வந்தது. அன்று மத்தியானம் என்ன நடந்தது என்று இன்றும் சொல்ல முடியும். நைனா ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்த ஒரு டஜன் பங்கனப்பள்ளியில் கடைசியாக ஒன்று மிச்சம். அம்மா அதை இரண்டாக வெட்டவில்லை. முழுசாக அவன் கையில் கொடுத்தாள். “நீ நேத்து தின்னுட்டியே” என்றாள் என்னிடம். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பாகத்தில் ஒரு பனிச்சுரங்கம் வரும். உள்ளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். சுடரோன், “வாசலை நீ பார்த்துக்கொள், நண்பா. உள்ளே நான் போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தனியாக நுழைவான். அச்சில் இருந்தது இதுதான். நான் படித்தது வேறு.

“எனக்குப் பயமாக இருக்கிறது, நிழலா! நான் ஓடுகிறேன். நீ போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்று!”

பாவா குனிந்து படத்தைப் பார்த்தான். கையில் மாம்பழச் சாறு வழிந்தது.

“ஓடுறவன் ஏன்டா உள்ள போற பக்கமா ஓடுறான்?”

“அவசரத்துல திசை தெரியல.”

“சிரிக்கிறானே?”

“அது அழுவுறது. வரைஞ்சவன் சரியா வரையல.”

அவன் நம்பினான். நான் கடைசிப் பக்கம்வரை விடவில்லை. சுடரோன் பொய் சொன்னான், சுடரோன் நண்பனைக் காட்டிக்கொடுத்தான், பிள்ளைகளைக் காப்பாற்றியது நிழலன். புகழை மட்டும் சுடரோன் வாங்கிக்கொண்டான். படித்து முடித்தபோது எனக்கு மாம்பழம் தின்ற திருப்தி.

பாவா மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான். பிறகு, “பயம் வந்துட்டுதா அவனுக்கு. பாவம்” என்றான்.

சுடரோனை அவன் வெறுக்கவில்லை. என் பொய்யால் அவனுக்குச் சுடரோன்மேல் இன்னும் பிரியம்தான் வந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். அதை நடத்தியவரை எல்லோரும் பாய் என்போம். ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கியிருக்கும். மழைத் தண்ணீர் தேங்கி, ரப்பரும் கிரீசும் கலந்த வாசனை. தெருப் பையன்கள் கூடுகிற இடம் அதுதான். இரண்டு நாள் கழித்துப் பாவா அங்கே ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, நான் சொன்ன கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கையை விரித்து, குரலை மாற்றி. நான் வந்ததை அவன் பார்க்கவில்லை.

“...சுடரோனுக்குக் கால் நடுங்குது. எனக்குப் பயமா கீதுன்னு நண்பன்கிட்ட சொல்றான். பெரிய வீரன், பயம்னு சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும், பாருங்க...”

பாயின் மகன் எங்களிலெல்லாம் பெரியவன், எட்டாவது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சுடரோன் பயந்தானா? டேய், இன்னாடா சரடு வுட்டுகினு கீறே? நானும் படிச்சேன்.”

“ஆங், நானும் படிச்சேன்” என்றான் பூக்கடைக்காரர் பையன். “சுடரோன்தான் உள்ள போறான்!”

“தோ, புக்கே கீது.” பாயின் மகன் உள்ளே போய் எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தான். “வாசலை நீ பார்த்துக்கொள், நண்பா.” பிறகு புத்தகத்தைப் பாவாவின் மூக்குக்கு நேரே நீட்டினான். “படி. நீயே படி. எங்க பயம்னு போட்டிருக்குது காட்டு.”

பாவா அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அவனுக்கு அது கோடும் சுழியும்தான்.

“அய்ய, படிக்கவே தெரியாது! படிக்கத் தெரியாதவன் கதை சொல்ல வந்துட்டான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தை எழுதத்தான் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

“நான் சரியாத்தான் படிச்சேன்” என்றேன். “அவனுக்குத் தமிழ் புரியல.”

பாவா டயரிலிருந்து இறங்கி, நிக்கரைத் தட்டிக்கொண்டு போனான்.

அன்று ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவனால் எப்படி முடிகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். நானாக இருந்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு புத்தகத்தைப் படித்துக்காட்டச் சொல்லி அவன் என்னைக் கேட்கவே இல்லை. காலையில் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு உங்களுக்குத் தெரியுமே. திருப்பதி போகிற பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர் இரண்டு பாஷையிலும் எழுதியிருக்கும். மேலே தெலுங்கு, கீழே தமிழ். பாவா பஸ்ஸுக்கு முன்னால் நின்று, தெலுங்கில் படித்து, அதற்கு நேராக உள்ள தமிழ் எழுத்தை நோட்டில் எழுதிக்கொள்வான். திருப்பதியில் மூன்று எழுத்து, ஒரு கொக்கி. புத்தூரில் இரண்டு. சித்தூரில் இன்னொன்று. பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பான். போர்டில் கிடைக்காத எழுத்துக்கு மலைக்குப் போகிற வழியில் சத்திரம், கடை, வாடகைப் பாத்திரம் என்று எழுதியிருப்பதை எல்லாம் பார்த்து, அங்கே இருப்பவர்களைக் கேட்பான். பூக்கடைக்காரரைக் கேட்பான், கண்டக்டரைக் கேட்பான். என்னைக் கேட்கமாட்டான்.

ஒருநாள் வீட்டில் நோட்டைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா சிரிக்கிறே?”

“எங்களுக்கு நாலு ‘க’ கீது. உங்களுக்கு ஒண்ணுதான். இன்னா கஞ்சத்தனம்டா!”

பல நாளைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அது. நான் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். வரி வரியாக இரண்டு பாஷை எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். நோட்டு என் கையில். பாவா என் எதிரில். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடே! பாவாவுக்குத் தமிழ் சொல்லித்தரியாடா? என் கண்ணு!”

என் கண்ணு என்றாள், என்னைப் பார்த்து. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நைனா வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள். நைனா என் முதுகில் தட்டினார்.

“லீவை வீணாக்காம ஒரு நல்ல காரியம் பண்ணிகினு கீறான்.” பிறகு பாவாவைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா மாப்ளே, ஒரு மாசத்துல தமிழ் பண்டிதரா ஆயிடுவியா?”

பெரியவர்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் தப்புச் செய்தார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். வருகிற கடிதங்களை அதில் குத்தி வைப்போம். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அந்தக் கோடையில் நைனாவிடமிருந்து வாரத்துக்கு இரண்டு நீலநிற இன்லண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிற மனிதர் நடுவில் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா அடுப்படி வெளிச்சத்தில் நின்று படித்து, கண்ணைத் துடைத்து, கம்பியில் குத்திவிட்டுப் போவாள். புகை என்று நினைத்தேன். நான் தமிழ் படிக்கத் தெரிந்தவன். கையை நீட்டினால் எட்டும். ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. அதில் படம் இல்லை.

பாவாவின் அம்மா, எனக்கு அத்தை, வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமாவும் அங்கேயே இருந்தார். பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பையனுக்குச் சொல்லவேண்டாம், பார்க்கவும் வேண்டாம், உருக்குலைந்து கிடக்கிறாள், அவன் மனசு உடைந்துவிடும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மாமா எழுதினால் தெலுங்கில் இருக்கும், பையன் படித்துவிடுவான். அதனால் நைனா தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துத் தமிழில் எழுதினார். தமிழில் இருந்தால் ஒளித்து வைக்கவேண்டாம், கம்பியிலேயே தொங்கட்டும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரத்திலும் அவன் ஊருக்குப் போகவில்லை என்பது மட்டும்தான். இனி எப்போதும் இங்கேயே இருந்துவிடுவானோ என்று பயந்தேன்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் எனக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. என்னை இருட்டறையில் வேப்பிலைமேல் கிடத்தினாள் அம்மா. புத்தகம் தொடக்கூடாது, கண்ணுக்கு ஆகாது. பாவாவுக்குப் போன வருஷமே அம்மை வந்து போயிருந்ததால் அவன் மட்டும் அறைக்குள் வரலாம். அவன்தான் இளநீர் கொண்டு வருவான். அரிக்கிற இடத்தில் வேப்பங்கொத்தால் வருடிவிடுவான். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம், கூடத்தில் அவனும் அம்மாவும் தெலுங்கில் பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவன் எங்கேயோ போகவேண்டும் என்கிறான். அம்மா முடியாது என்கிறாள்.

“ஆத்தா வீட்டுல வந்து உக்காந்திருக்கா, நானா. மூணு தண்ணி ஊத்தறவரைக்கும் இந்த வீட்டுலருந்து யாரும் ஊரு தாண்டிப் போவக்கூடாது. அதுவும் அந்த மாதிரி எடத்துக்கு.” பிறகு, “வேணாம்னா வேணாம்!”

அம்மா அவனை அதட்டி நான் கேட்டதே இல்லை. பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். அந்த இருட்டில், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, நான் சிரித்தேன். ஏதோ சினிமாவுக்குக் கேட்டிருப்பான், கிடைக்கவில்லை, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் என் அம்மையால்தான் கிடைக்கவில்லை என்பது இரட்டிப்புச் சந்தோஷம்.

சாயங்காலம் அவன் அறைக்குள் வந்தான். கையில் ‘இருவர் படை’ மூன்றாம் பாகம். அம்மா காசு கொடுத்து எனக்காக வாங்கிவரச் சொல்லியிருந்தாளாம். கதவருகில், வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தான்.

“நீ படிக்கக்கூடாது. நான் படிக்கிறேன்.”

“உனக்கு எங்க படிக்கத் தெரியும்?”

அவன் படித்தான். எழுத்துக்கு எழுத்து. கல் தடுக்கித் தடுக்கி நடக்கிறவன்போல. “ந..கர..மெங்..கும்.. இருள்..” ஒரு பக்கத்துக்கு அவ்வளவு நேரம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இவன் சுடரோன் கட்சியாயிற்றே, இப்போது நிழலனைக் கேவலமாகப் படிப்பான், நான் செய்ததற்குப் பதில் செய்வான் என்று ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தேன்.

கடைசிச் சண்டை வந்தது. பனிக்கண் பேராசிரியர் பனிக்காற்றை ஊத, சுடரோனின் வெளிச்சம் மங்கி, ஒரு திரிபோல நடுங்குகிறது. அந்தக் கடைசித் துளி வெளிச்சத்தில் நிழலன் எழுகிறான். ஊர் முழுவதும் விரிகிறான். கோபுரம் அளவு, மலை அளவு. பேராசிரியரை ஒரே வாயில் விழுங்குகிறான். ஜனங்கள் மாலை கொண்டு வருகிறார்கள். சுடரோன் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல், தரையில் கிடக்கிற நிழலின்மேல் வைக்கிறான்.

“இது.. அவனுக்கு” என்று படித்துவிட்டுப் பாவா புத்தகத்தை மூடினான்.

கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“நல்லா கீதா?” என்றான்.

“ஆங்.”

“சரி, தூங்கு.”

மறுநாள் காலையில் தபால்காரர் வந்தார். அம்மா வேப்பிலை கழுவிக்கொண்டிருந்தாள். பாவாதான் வாசலுக்குப் போனான். இன்லண்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், அம்மாவை நோக்கி, தமிழில், எழுத்துக்கு எழுத்து.

“உன்.. அண்..ணிக்கு.. இரண்டு.. நாளாக.. மூச்சு.. வாங்..குகிறது. மக..னைக்.. கேட்டுக்.. கொண்டே.. இருக்..கிறாள்.”

அம்மாவின் கையிலிருந்து சொம்பு விழுந்தது.

“அதுக்கு முன்னாடி வந்தது எல்லாம் கூட நானே படிச்சேன், அத்தை” என்றான் அவன். “கம்பியில இருக்கறது எல்லாம். அதான் நேத்து கேட்டேன்.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நேற்று அவன் கேட்டது சினிமா இல்லை.

வாசலில் பாயின் குரல் கேட்டது. சொம்பு விழுந்த சத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். அம்மா அவரிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

“நான் எப்டி பாய் போவறது? இவன் உள்ள கெடக்குறான். ஆத்தா வீட்டுப் புள்ளைய எப்டி அனுப்பறது?”

“நீங்க வீட்டோட இருங்கக்கா. எப்பிடியும் சாமான் வாங்க அரக்கோணம் போறேன். அங்க வண்டி மாறினா காட்பாடி. நானே கொண்டும்போய் வுடறேன்.”

“ஆத்தா கோவிச்சுக்குவா பாய்.”

“புள்ளைய அம்மாகிட்ட சேக்குறதுக்கு எந்த ஆத்தாக்கா கோவிச்சுக்குவா?”

பாவா அறை வாசலில் வந்து நின்றான். பெட்டியை எடுக்கவில்லை, சட்டை மட்டும் மாற்றியிருந்தான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். “சொறியாதே, தழும்பு வுழும்” என்றான். போய்விட்டான்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிச் சண்டையைப் பிரித்தேன். நிழலன் விரியவே இல்லை. சுடரோன்தான் கடைசியாகப் பொங்கி எரிந்து பேராசிரியரை உருக்குகிறான். மாலை சுடரோன் கழுத்தில்தான். நிழலன் ஒரே ஒரு கட்டத்தில், மூலையில், கட்டைவிரல் அளவு. வசனம் கிடையாது.

அவன் படித்தது அத்தனையும் பொய். இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவன், அடுத்த எழுத்தைத் தேடுகிறவன்போல நடித்து நடித்து, அத்தனை பெரிய கதையை அங்கேயே கட்டியிருக்கிறான். அதுவும் தன் அம்மாவிடம் போகவிடாமல் தன்னை நிறுத்தி வைத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து. பிள்ளைகளே, அப்போது எனக்குப் பெரிய ஞானம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. என் பொய் சுடரோனைச் சின்னவன் ஆக்கியது. அவன் பொய் நிழலனை மலையளவு ஆக்கியது, சுடரோனையும் குறைக்கவில்லை. அச்சில் வந்த கதையைவிட அவன் கதை நன்றாக இருந்தது. என்னால் அப்படி ஒன்று கட்டியிருக்க முடியாது.

வேலூரில் மூன்று நாள் பாவா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியத்துக்கு நாங்கள் எல்லை தாண்டி அந்த ஊருக்குப் போனோம். பந்தலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாவா தலை மழித்து, ஒரு பெரிய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாரோ, பையனுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்று கேட்டார்கள்.

நைனா என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினார். அவர் குரல் உடைந்திருந்தது.

“இதோ, இவனாலதான். எங்களுக்கெல்லாம் புத்தி இல்ல. பெரியவங்க மறைச்சோம். இவன் லீவு பூரா உக்காந்து அவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தான். இல்லைன்னா அந்தப் புள்ள தாய் மொகத்தைப் பாத்திருக்குமா?”

பந்தலே என்னைப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா என் முகத்தைத் தடவி நெட்டி முறித்தாள். மாமா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கோடை முழுவதும் இப்படி எல்லோரும் என்னையே பார்க்கவேண்டும் என்றுதான் ஏங்கினேன். இப்போது பார்த்தார்கள். எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் கலைந்துவிடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ஆங், மாமா” என்றான் பாவா. “இவன்தான்.”

நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை, கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறவன் முகம்தான் அது. பொய்யைத்தான் சொன்னான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அன்றைக்கு அந்தச் சுரங்க வாசலில் நான் ஒழுங்காகப் படித்திருந்தால், அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கவே மாட்டான்.